காலநிலைச் சட்டம் எழுதும் ஊரில் ஐந்து மாத வேலை

ஐரோப்பாவில் சுற்றுச்சூழல், காலநிலைக் கொள்கைத் துறையில் இருப்பவர்களிடம் எப்படி இதற்குள் வந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பிரஸ்ஸல்ஸில் ஓர் இன்டர்ன்ஷிப். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்ட வரைவுகளை எழுதும் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் ஐந்து மாதம், ஓர் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் சில மாதம், ஏதாவது ஒரு என்ஜிஓவில் இன்னொரு ஆறு மாதம் என்று அடுக்கிக்கொண்டே போய்த்தான் முதல் முழுச் சம்பள வேலையைத் தொட்டிருப்பார்கள். நம்மூரில் சட்டம் படித்தவர் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்கிறாரே, ஏறக்குறைய அதே கதைதான். வேலை தெரிந்துகொள்ளலாம், ஆட்களைப் பழக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த முதல் சில ஆண்டுகள் யார் வீட்டுக் காசில் ஓடுகின்றன என்பதுதான் கடைசியில் யார் நிலைப்பார், யார் ஊர் திரும்புவார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் காசுக் கணக்கைப் புரிந்துகொள்ள, பிரஸ்ஸல்ஸுக்கு ஏன் இத்தனை இன்டர்ன்கள் தேவைப்படுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் நடைமுறையில் இருக்கும் சுற்றுச்சூழல் சட்டங்களில் பெரும்பகுதி பிரஸ்ஸல்ஸில் பிறந்தவை. 1979-இல் வந்த பறவைகள் பாதுகாப்புச் சட்டம் தொடங்கி, ஆற்று நீரின் தரம், வேதிப்பொருள் பதிவு, கார் புகை அளவு வரை எல்லாமே அங்கே வரைவு எழுதப்பட்டவைதான். தொழிற்சாலைகளும் மின்நிலையங்களும் தாங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கார்பன் சந்தை 2005-இல் தொடங்கியது. 2010-இல் காலநிலைக்கென்று தனி இயக்குநரகத்தையே ஆணையம் சுற்றுச்சூழல் துறையிலிருந்து பிரித்து அமைத்தது. 2019 டிசம்பரில் பசுமை ஒப்பந்தம் என்ற ஒட்டுமொத்தக் காலநிலைத் திட்டத்தை அறிவித்தார்கள். 2021-இல் வந்த காலநிலைச் சட்டம், 2050-க்குள் நிகர உமிழ்வு பூச்சியம், 2030-க்குள் 1990-ஐவிட 55 சதவீதமாவது குறைவு என்று இலக்குகளைச் சட்டமாகவே எழுதிவிட்டது. அதே ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, அந்த 55 சதவீதத்தை எட்டுவதற்கான சட்ட வரைவுகள் ஒரே நாளில் மூட்டையாக வந்து விழுந்தன.

சட்டங்கள் பெருகிய வேகத்தில் நிரந்தரப் பணியிடங்கள் பெருகவில்லை. ஊழியர் எண்ணிக்கையை ஏற்றாமல் அப்படியே வைத்திருப்பது ஆணையத்தின் வெளிப்படையான கொள்கை. ஆனால் ஒவ்வொரு வரைவுக்கும் யாரோ ஒருவர் பொதுமக்கள் அனுப்பிய கருத்துகளைப் படித்துத் தொகுக்க வேண்டும், கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், இயக்குநர் மேடையேறுவதற்கு முன் கையில் கொடுக்க இரண்டு பக்கச் சுருக்கம் தயாரிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருக்கும் தொழில் சங்கங்களுக்கும் என்ஜிஓக்களுக்கும் இதே வேலை, இதே அவசரம். இத்தனை காகிதத்தையும் நகர்த்தும் கைகளில் பல, இருபதுகளின் நடுவில் இருக்கும் இன்டர்ன்களுடையவை.

இயற்கை மீட்புச் சட்டத்தின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். சீரழிந்துபோன சதுப்பு நிலம், காடு, ஆறுகளை மீட்டெடுக்க நாடுகளுக்கு இலக்கு வைக்கும் சட்டம் அது. 2023 ஜூனில் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் குழுவில் வாக்கெடுப்பு 44-க்கு 44 என்று சமமாக முடிந்தது. குழுவின் ஆதரவு இல்லாமலேயே விஷயம் முழு அவைக்குப் போனது. ஜூலை 12-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூர்க்கில், சட்டத்தையே நிராகரிக்க வேண்டும் என்ற தீர்மானம் 312-க்கு 324 என்ற கணக்கில் தோற்றது. வெறும் 12 வாக்கு. இந்த மாதிரி நேரத்தில் ஓர் என்ஜிஓ அலுவலகத்தில் என்ன நடக்கும்? ஒரு பெரிய எக்செல் தாள் திறந்திருக்கும். அதில் எழுநூறு உறுப்பினர்களின் பெயரும், கட்சியும், நாடும், போன தடவை எப்படி வாக்களித்தார் என்பதும் இருக்கும். யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, யார் இரண்டுங்கெட்டான் என்று நிறம் பூசிப் பூசி அதை நாள்தோறும் திருத்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஓர் இன்டர்ன். இரண்டுங்கெட்டான் பட்டியலில் இருப்பவர்களுக்கு அவரவர் தொகுதியில் உள்ள சதுப்பு நிலத்தின் பெயரைப் போட்டுத் தனித்தனி மின்னஞ்சல் எழுதுவதும் அவர்தான்.

அந்தச் சட்டம் அதோடு முடியவில்லை. 2024 ஜூன் 17-ஆம் தேதி அமைச்சர்கள் கூடும் கவுன்சிலில் இறுதி வாக்கெடுப்பு. ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் நாடுகள் ஆதரிக்க வேண்டும். கிடைத்தது 66.07 சதவீதம். ஆஸ்திரியாவின் பசுமைக் கட்சி அமைச்சர் லியோனோரே கெவெஸ்லர் தன் கூட்டணித் தலைமையின் எதிர்ப்பை மீறி ஆதரவாக வாக்களித்ததால்தான் அதுவும் சாத்தியமானது. ஒரு கண்டத்தின் இயற்கைச் சட்டம் ஒரே ஓர் அமைச்சரின் கையில் தொங்கியது என்றால், அவரைச் சுற்றி நின்று குறிப்புகளை எழுதிக்கொடுக்கும் இளைஞர்களின் வேலையும் சும்மா தேநீர் வாங்கி வரும் வேலையாக இருக்க முடியாது.

சரி, இவர்கள் எந்தெந்த வாசல் வழியாக வருகிறார்கள்?

முதலாவதும் பெயர்பெற்றதும் ஆணையத்தின் நீலப் புத்தக இன்டர்ன்ஷிப். 1960-லிருந்து நடக்கிறது. ஐந்து மாதம், ஆண்டுக்கு இரண்டு தொகுதி, ஒன்று மார்ச் 1-ஆம் தேதியும் மற்றது அக்டோபர் 1-ஆம் தேதியும் தொடங்கும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். விண்ணப்பங்களைப் படிப்பு, மொழி, வெளிநாட்டு அனுபவம், ஆர்வக் கடிதம் என்று மதிப்பெண் போட்டுச் சலிப்பார்கள். சலித்து நின்றவர்களின் பெயர்கள் நீலப் புத்தகம் என்ற பட்டியலில் சேரும். அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியவரைப் பொறுக்கிக்கொள்ளும். ஒரு தொகுதிக்குச் சுமார் 900 பேரை எடுக்கிறார்கள். விண்ணப்பிப்பவர்களோ பல ஆயிரம். பட்டியலில் பெயர் வந்துவிட்டாலே இடம் கிடைத்ததாக நினைத்துக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டு, எந்தத் துறையும் கூப்பிடாமல் ஏமாந்தவர்கள் உண்டு. பட்டியல் என்பது பாதி வழிதான்.

எடுத்தவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. புதிதாகச் சேரும் அதிகாரியின் அடிப்படைச் சம்பளத்தில் கால் பங்கு என்று கணக்கு. சமீப ஆண்டுகளில் மாதம் 1,300 யூரோவுக்கு மேல். பிரஸ்ஸல்ஸில் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறைக்கு 500 முதல் 700 யூரோ வரை ஆகும். மீதியில் சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் ஓட்டிவிடலாம். ஊருக்குக் காசு அனுப்ப முடியாது, சேமிக்கவும் முடியாது. ஆனாலும் இது நியாயமான தொகைதான். இந்தத் துறையின் ஊதியப் பிரச்சினையைப் பேசும்போது ஆணையத்தை முதல் குற்றவாளியாக நிறுத்துவது சரியல்ல என்பது என் கருத்து. பிரச்சினையின் பெரும்பகுதி வெளியே இருக்கிறது.

சுற்றுச்சூழல், காலநிலை இயக்குநரகங்களுக்குப் போட்டி கடுமை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலநிலை இயக்குநரகம் மற்ற துறைகளோடு ஒப்பிட்டால் சிறியது. அதனாலேயே அங்கே போகிறவருக்கு உண்மையான வேலை வந்து சேரும் வாய்ப்பு அதிகம்: கார்பன் சந்தைப் பிரிவில் ஏலத் தரவுகளைப் பார்ப்பது, ஐநா மாநாட்டுக்கு முன் ஒவ்வொரு நாட்டின் நிலைப்பாட்டையும் தொகுப்பது, இப்படி. இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு யோசனை. காலநிலைக் கொள்கை இப்போது காலநிலைத் துறையில் மட்டும் இல்லை. எரிசக்தி, போக்குவரத்து, வேளாண்மை, வரி, வர்த்தகம் என்று எல்லா இயக்குநரகங்களிலும் அது கலந்திருக்கிறது. இறக்குமதிப் பொருள்களின் உமிழ்வுக்குக் காசு வாங்கும் எல்லைக் கார்பன் வரியை வடிவமைத்ததே வரிகளுக்கான இயக்குநரகம்தான். படிவத்தில் முதல் விருப்பமாகக் காலநிலையை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது வாசல் நாடாளுமன்றம். அங்கே இரண்டு வகை உண்டு. நாடாளுமன்றச் செயலகம் நடத்துவது ஷூமன் இன்டர்ன்ஷிப். அதுவும் ஐந்து மாதம், ஊதியம் உண்டு. இன்னொன்று உறுப்பினர்களே தங்கள் அலுவலகத்துக்கு நேரடியாக எடுத்துக்கொள்வது. இந்த இரண்டாவது வகையில்தான் நீண்ட காலம் எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தது. ஒருவர் நன்றாகக் கொடுப்பார், பக்கத்து அறைக்காரர் ஒன்றுமே கொடுக்க மாட்டார். தொழிலாளர் உரிமை பற்றி மேடையில் முழங்குகிறவரின் அலுவலகத்திலேயே சம்பளமில்லாத இன்டர்ன் இருப்பதைப் பத்திரிகைகள் எழுதிய பிறகு, 2019-இல் விதிகளை மாற்றி ஊதியம் கட்டாயம் என்றார்கள்.

வேலை என்று பார்த்தால், என்னைக் கேட்டால் உறுப்பினரின் அலுவலகம்தான் மிகச் சிறந்த பள்ளிக்கூடம். ஒரு சட்ட வரைவு குழுவுக்கு வந்ததும் உறுப்பினர்கள் திருத்தங்கள் கொடுப்பார்கள். பெரிய சட்டமென்றால் ஆயிரக்கணக்கில் வரும். பக்கத்தின் இடப்பக்கம் ஆணையம் எழுதிய வாசகம், வலப்பக்கம் உறுப்பினர் கேட்கும் மாற்றம். அந்த வலப்பக்கத்தில் மாறியிருப்பது சில சமயம் ஒரே ஒரு தேதியாக இருக்கும், சில சமயம் ஒரு காற்புள்ளி. ஆனால் அதற்குள் ஒரு தொழிலே தப்பித்துப் போகும் ஓட்டை இருக்கலாம். ஒரே வாசகம் மூன்று வெவ்வேறு கட்சி உறுப்பினர்களின் திருத்தமாக வந்திருந்தால், அதை எழுதியது அந்த மூவரும் இல்லை, ஏதோ ஒரு தொழில் சங்கம் அனுப்பிய தாள் என்று இரண்டு மாதத்தில் ஓர் இன்டர்னுக்குப் பிடிபட்டுவிடும். என்ஜிஓக்களும் இதையேதான் செய்கின்றன என்பதும் பிடிபடும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

நாடாளுமன்றத்துக்கு எதிரே லக்சம்பர்க் சதுக்கம் இருக்கிறது. வியாழக்கிழமை மாலையானால் அதைச் சுற்றியுள்ள மதுக்கடைகளின் வாசலில் இன்டர்ன்கள் கூட்டம் நிரம்பி வழியும். விளையாட்டாகத் தெரியும், ஆனால் எந்த அலுவலகத்தில் ஆள் எடுக்கப் போகிறார்கள், யார் மகப்பேறு விடுப்பில் போகிறார், எந்த என்ஜிஓவுக்குப் புது நிதி வந்திருக்கிறது என்ற செய்தியெல்லாம் விளம்பரமாக வருவதற்கு முன் அங்கேதான் சுற்றும். குடிக்காதவர்களும் கூச்ச சுபாவம் உள்ளவர்களும் கையில் ஒரு ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவது வாசல் என்ஜிஓக்கள். பிரஸ்ஸல்ஸில் கிரீன் 10 என்று ஒரு கூட்டணி இருக்கிறது. 1974-இல் தொடங்கிய ஐரோப்பியச் சுற்றுச்சூழல் பணியகம், கிளைமேட் ஆக்‌ஷன் நெட்வொர்க் ஐரோப்பா, பேர்ட்லைஃப், கிரீன்பீஸ், டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட், கிளையன்ட் எர்த், உலக இயற்கை நிதியத்தின் ஐரோப்பிய அலுவலகம் போன்ற பத்து அமைப்புகள் அதில் உண்டு. இவற்றைச் சுற்றி இன்னும் எத்தனையோ சிறிய அமைப்புகள், முண்டோ-பி போன்ற கட்டடங்களில் மாடிக்கு மாடி அடுத்தடுத்த அறைகளில் இயங்குகின்றன. ஒரே மதிய உணவு மேசையில் மீன்வளம், பூச்சிக்கொல்லி, அகதிகள் உரிமை என்று மூன்று துறை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கேதான் ஊதிய விஷயம் சிக்கலாகிறது. பெரிய அமைப்புகள் பல இப்போது கொடுக்கின்றன. பெல்ஜியத்தில் படிப்பை முடித்தவர்களைப் பயிற்சிக்கு எடுப்பதற்கென்றே ஓர் ஒப்பந்த வடிவம் இருக்கிறது. அதன்படி குறைந்தபட்ச ஊதியத்தில் ஏறக்குறைய பாதியாவது கொடுக்க வேண்டும். ஆனால் மாணவராக இருப்பவரை எடுத்தால், அவருடைய பல்கலைக்கழகத்தோடு ஓர் உடன்படிக்கை போட்டுக்கொண்டு ஒன்றும் கொடுக்காமலே இருக்கலாம். அதனால் விளம்பரங்களில் "விண்ணப்பதாரர் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்" என்ற ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும். விளைவு, படிப்பை முடித்து வேலை தேடுகிறவர்கள் அந்த உடன்படிக்கைத் தாளுக்காகவே இன்னொரு ஏதாவது படிப்பில் கட்டணம் கட்டிச் சேர்கிறார்கள். வேலை செய்ய அனுமதி கேட்டுக் காசு கொடுப்பது என்பது இதுதான். ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் மாணவர்களுக்குப் பயிற்சிக்கால உதவித்தொகை உண்டு. அது ஓரளவு தாங்குகிறது. ஆனால் அது வரிப்பணம். அமைப்பு கொடுக்க வேண்டிய சம்பளத்தை ஒன்றியத்தின் கல்வி நிதி கொடுக்கிறது என்றுதான் பொருள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைக் கைவிடாத நீதியான மாற்றம் வேண்டும் என்று அறிக்கை விடுவது இதே துறை. அந்த அறிக்கையை வடிவமைத்து, மொழிபெயர்த்து, பத்திரிகைகளுக்கு அனுப்பியவருக்கு மாதக் கடைசியில் அறை வாடகைக்கு அப்பா பணம் போட வேண்டியிருக்கும். அதைக் கபடம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நான் முடிக்க மாட்டேன். சிறிய அமைப்புகளின் வரவுசெலவைப் பார்த்தால், ஓர் இன்டர்னுக்குக் கொடுப்பதென்றால் ஓர் ஊழியரின் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற நிலைதான் பல இடங்களில். ஆனால் அதன் விலை யார் தலையில் விழுகிறது என்பதை மறைக்க முடியாது. சுரங்க நகரத்தில் பிறந்த பிள்ளை அந்த அறைக்குள் வருவது அரிது. ருமேனியாவின் கிராமத்திலிருந்தோ போர்ச்சுகலின் காட்டுத்தீப் பகுதியிலிருந்தோ வரக்கூடியவர், வாடகைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகக் கொடுக்கும் லாபி நிறுவனத்துக்கோ தொழில் சங்கத்துக்கோ போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்ஜிஓ பக்கத்தில், ஏற்கெனவே வசதியுள்ள நகரத்துக் குடும்பங்களின் பிள்ளைகளே மறுபடி மறுபடி சேர்கிறார்கள். பசுமைக் கொள்கை மேட்டுக்குடிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று அதன் எதிரிகள் சொல்லும்போது பதில் சொல்ல நா எழாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்புக்கு எதிரான போராட்டமும் ஐரோப்பாவில் சூடு பிடித்தது. ஜெனீவாவில் 2015-இல் ஐநாவில் இன்டர்னாக இருந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய படம் உலகமெங்கும் ஓடியது. பின்னர் அவர், கவனத்தை ஈர்க்கத்தான் அப்படிச் செய்ததாக ஒப்புக்கொண்டார்; ஆனாலும் ஐநா ஒன்றும் கொடுப்பதில்லை என்பது உண்மைதானே. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர் எமிலி ஓ'ரெய்லி, வெளிநாடுகளில் உள்ள ஒன்றியத் தூதரகங்கள் சம்பளமில்லாமல் இன்டர்ன்களை வைத்திருப்பது தவறு, எல்லாருக்கும் ஊதியம் கொடுங்கள் என்று வெளியுறவுத் துறைக்குப் பரிந்துரைத்தார். வசதியானவர்கள் மட்டுமே வரக்கூடிய ஏற்பாடு பாகுபாடு ஆகும் என்பது அவருடைய வாதம். அதன் பிறகே அதற்கென்று நிதி ஒதுக்கினார்கள்.

அதே 2017-இல் ஐரோப்பிய இளைஞர் மன்றம் பெல்ஜியத்தின் மீதே புகார் கொடுத்தது. சமூக, தொழிலாளர் உரிமைகளுக்கான உடன்படிக்கையான ஐரோப்பியச் சமூக சாசனத்தைக் கண்காணிக்கும் குழுவின் முடிவு 2022 பிப்ரவரியில் வெளியானது: பயிற்சி என்ற பெயரில் ஊழியரின் வேலையையே வாங்கிக்கொண்டு ஊதியம் தராத போலி இன்டர்ன்ஷிப்களைப் பிடிக்கும் அளவுக்குப் பெல்ஜியத்தின் தொழிலாளர் ஆய்வுத்துறை திறமையாக இயங்கவில்லை, எனவே சாசன மீறல்தான். சட்டம் இருக்கிறது, அதைப் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. நமக்குப் பழக்கப்பட்ட கதை.

ஆணையத்தின் கணக்குப்படி 2019-இல் ஒன்றியம் முழுக்கச் சுமார் 31 லட்சம் இன்டர்ன்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஊதியம். 2014-இல் தரமான பயிற்சிக்காலம் எப்படி இருக்க வேண்டும் என்று கவுன்சில் ஒரு பரிந்துரை வெளியிட்டது, ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்பையே தடை செய்யும் சட்டம் கேட்டது. 2024 மார்ச்சில் ஆணையம் ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தது. ஆனால் அதில் நேரடித் தடை இல்லை. இன்டர்ன் என்ற பெயரில் முழு ஊழியரை வைத்திருப்பதைத் தடுப்பது, ஒரே வேலை செய்யும் ஊழியரைவிட இன்டர்னைக் காரணமின்றிக் கீழாக நடத்தக் கூடாது என்பது, இவ்வளவுதான். கல்வியின் பகுதியாகச் செய்யும் பயிற்சியை என்ன செய்வது என்பதில்தான் சண்டை, ஏனென்றால் உடன்படிக்கைத் தாள் சமாச்சாரமெல்லாம் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

இதற்கு நடுவே என்ஜிஓக்களின் கையிருப்பும் ஆட்டம் கண்டிருக்கிறது. ஒன்றியத்தின் லைஃப் என்ற சுற்றுச்சூழல் நிதித் திட்டத்துக்கு 2021 முதல் 2027 வரை 540 கோடி யூரோ ஒதுக்கீடு. அதில் மிகச் சிறிய பங்கு, ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி யூரோ, என்ஜிஓக்களின் அன்றாடச் செலவுக்கான மானியமாகப் போகிறது. அலுவலக வாடகை, கணக்கர் சம்பளம், இன்டர்ன் உதவித்தொகை எல்லாம் பல அமைப்புகளில் இந்த மானியத்தை நம்பித்தான் நிற்கின்றன. 2024 இறுதியில், உறுப்பினர்களைக் குறிவைத்து லாபி செய்ய இந்தப் பணத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆணையம் கடிதம் எழுதியது. 2025 தொடக்கத்தில் வலதுசாரி உறுப்பினர்கள், பசுமை ஒப்பந்தத்துக்கு ஆதரவு திரட்ட ஆணையமே என்ஜிஓக்களுக்குக் காசு கொடுத்திருக்கிறது என்று பெரிய சர்ச்சையைக் கிளப்பினார்கள். ஏப்ரலில், ஒன்றியத்தின் கணக்குகளைச் சரிபார்க்கும் தணிக்கை நீதிமன்றம், என்ஜிஓக்களுக்குப் போகும் ஒன்றிய நிதி பற்றிய தகவல்கள் போதிய வெளிப்படைத்தன்மையுடன் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அரசியல் நியாயம் எந்தப் பக்கம் என்று வாதாடலாம். ஆனால் இப்படி நிதி நிச்சயமில்லாமல் போகும்போது அமைப்புகள் முதலில் வெட்டுவது எதை என்பதில் வாதாட ஒன்றுமில்லை.

பிரஸ்ஸல்ஸுக்கு வெளியேயும் வாசல்கள் உண்டு. கோபன்ஹேகனில் உள்ள ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை, தரவு விரும்பிகளுக்கு ஏற்ற இடம். 32 உறுப்பு நாடுகளிலிருந்து காற்று, நீர், உமிழ்வு பற்றிய புள்ளிவிவரங்கள் அங்கே வந்து சேர்கின்றன. இன்டர்ன்களுக்கு ஊதியமும் உண்டு. பான் நகரில் ஐநாவின் காலநிலைச் செயலகம் இருக்கிறது. பெயருக்குக் கவர்ச்சி அதிகம், ஆனால் ஐநா செயலகத்தின் வழக்கம்போல நீண்டகாலமாகச் சம்பளமில்லாத இடம். ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் பேச்சுவார்த்தைகளை உள்ளேயிருந்து பார்க்கலாம் என்பதுதான் அங்கே கிடைக்கும் கூலி.

இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகு என்ன? ஆணையத்தில் ஐந்து மாதம் முடித்தவர் அப்படியே அங்கே அதிகாரியாகிவிட முடியாது. அதற்குப் பொதுத் தேர்வு எழுத வேண்டும். புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கான பொதுநிலைத் தேர்வு 2019-இல் நடந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நடக்கவேயில்லை. அந்த ஆண்டுகளில் வெளியே வந்த ஒரு தலைமுறை, ஒப்பந்தப் பணி, ஆலோசனை நிறுவனம், இன்னோர் இன்டர்ன்ஷிப் என்று சுற்றிச் சுற்றி வந்தது. புரூஜ் நகரில் 1949 முதல் இயங்கும் ஐரோப்பாக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தச் சுற்று கொஞ்சம் சுருக்கம். ஏனென்றால் எல்லா அலுவலகத்திலும் அவர்களுடைய முன்னாள் மாணவர் ஒருவர் இருப்பார்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், ஆனால் வாசல் ஒடுக்கம். நீலப் புத்தகத்தில் ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு மிகச் சில இடங்களே உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பட்டதாரிகளும் இந்தச் சில இடங்களுக்கான வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சலுகை: ஒன்றியக் குடிமக்கள் இரண்டு ஐரோப்பிய மொழிகள் காட்ட வேண்டும், வெளியார் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றில் ஒன்றில் மிக நல்ல தேர்ச்சி காட்டினால் போதும். என்ஜிஓக்களோ விசா, பணி அனுமதித் தலைவலிக்குப் பயந்து வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பெரும்பாலும் திறப்பதில்லை. அதனால் நம்மவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் ஏற்கெனவே மாணவராக இருந்துகொண்டு உள்ளே வருகிறார்கள். எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையில் படிக்கும் முதுகலைப் படிப்புகள் இதற்கு நல்ல வழி. மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகமும் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் சேர்ந்து நடத்தும் சுற்றுச்சூழல் அறிவியல், கொள்கைப் படிப்பு அப்படிப்பட்ட ஒன்று. மாணவர் விசா, பல்கலைக்கழக உடன்படிக்கை இரண்டும் கையில் இருக்கும், முதலில் கேட்கும் தாள்கள் அவைதான்.

நம் பக்கத்து அறிவுக்கு அங்கே தேவை இப்போது கூடியிருக்கிறது என்பதும் உண்மை. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் முதலியவற்றின் மீதான எல்லைக் கார்பன் வரி 2023 அக்டோபரில் வெறும் அறிக்கை தாக்கலாகத் தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழு வடிவம் எடுக்கிறது. காடழிப்பில் விளைந்த காப்பி, ரப்பர், மரம் போன்றவற்றைத் தடுக்கும் சட்டத்தின் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்கள். இதில் இரண்டாவது, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தையும் இலங்கையின் ரப்பர் தோட்டத்தையும் தொடுகின்ற சட்டம். ஒரு சிறு விவசாயி தன் நிலத்தின் எல்லைப் புள்ளிகளை எப்படிக் கொடுப்பார், பட்டா யார் பெயரில் இருக்கும், வியாபாரி எத்தனை பேரிடம் வாங்கி ஒரே மூட்டையில் கலப்பார் என்பதெல்லாம் பிரஸ்ஸல்ஸ் மேசைகளில் பலருக்குத் தெரியாது. ஆர்வக் கடிதத்தில் பருவநிலை மாற்றம் மனித குலத்தின் சவால் என்று தொடங்குவதைவிட, இப்படித் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நாலு வரியில் எழுதுகிறவரின் விண்ணப்பத்தை அங்கே இரண்டாவது முறை படிப்பார்கள். மார்ச் தொகுதிக்கு முந்தைய ஆண்டின் கோடையிலும், அக்டோபர் தொகுதிக்கு அதே ஆண்டு ஜனவரியிலும் விண்ணப்பம் திறப்பது வழக்கம். கடைசி நாளன்று இணையதளம் தவழும் என்பதால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.